முன் ஸ்பாய்லர் மாட்டினால் மிதப்பும் சூடும் தீருமா?

கேட்டவரிடம் இருப்பது 1972ஆம் ஆண்டு டாட்சன் 240 இசட். 120 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் மூக்கு மிதப்பது போலிருக்கிறது, ஸ்டீயரிங்கில் பிடிப்பு குறைகிறது என்கிறார். அதே வேகத்தில் தொடர்ந்து ஓட்டினால் வெப்பமானி முள்ளும் மெல்ல ஏறுகிறதாம். பம்பருக்குக் கீழே ஓர் ஏர் டேம், அதாவது காரின் அடியில் புகும் காற்றை மறிக்கும் முன் ஸ்பாய்லர் தகடு, மாட்டினால் இரண்டு தொல்லையும் ஒன்றாகப் போய்விடுமா, எவ்வளவு ஆழம் வேண்டும், அதற்காகப் பழைய காரின் தகட்டைத் துளைக்க வேண்டியிருக்குமா என்பவை அவருடைய கேள்விகள்.

இரண்டுக்கும் உதவும். ஆனால் ஏர் டேமை வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன. அவற்றைச் செய்தாலே பாதித் தொல்லை போய்விடலாம். முதலில் இந்தத் தகடு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். அது புரியாமல் மாட்டுகிறவர்கள்தான் கடைசியில் முன்னைவிடச் சூடான காரோடு வந்து நிற்கிறார்கள்.

ரேடியேட்டர் வழியே காற்று ஓடுவதற்குக் காரணம் அதன் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு. முன்பக்க அழுத்தத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. எதிரே வரும் காற்றை முழுவதுமாக நிறுத்தினால் எவ்வளவு அழுத்தம் எழுமோ அதுதான் அந்த வரம்பு. 100 கி.மீ. வேகத்தில் அது சுமார் 460 பாஸ்கல்; 160 கி.மீ. வேகத்தில் ஏறத்தாழ 1,190. கிரில்லை எவ்வளவு அகலமாக வெட்டினாலும் இதற்கு மேல் ஒரு பாஸ்கல்கூடக் கிடைக்காது. நம் கைக்கு எட்டுவது மறுபக்கம். ரேடியேட்டருக்குப் பின்னால் உள்ள அழுத்தத்தை எந்த அளவுக்குக் குறைக்கிறோமோ அந்த அளவுக்குக் காற்று ஓடும்.

முன்பக்கம் எஞ்சின் உள்ள பழைய கார்களில் ரேடியேட்டரைத் தாண்டிய காற்று எஞ்சின் அறைக்குள் வந்து, எஞ்சினைச் சுற்றிக் கீழே இறங்கி, கியர்பாக்ஸ் ஓரமாகக் காருக்கு அடியில்தான் வெளியேற வேண்டும். அங்கே ஏற்கெனவே பம்பருக்குக் கீழாகப் புகுந்த காற்று குறுக்குச் சட்டத்திலும் எண்ணெய்த் தொட்டியிலும் மோதிச் சிக்கிக்கொண்டிருக்கிறது. வெளியேற வழியில்லாத எஞ்சின் அறை ஊதிய காகிதப் பைபோல விறைத்துக்கொள்கிறது. விளைவு இரண்டு. ரேடியேட்டரின் பின்பக்க அழுத்தம் கூடுவதால் காற்றோட்டம் மட்டுப்படுகிறது. அதே அழுத்தம் போனட்டை உள்ளிருந்து மேலே தள்ளுவதால் மூக்கு எழும்புகிறது. உங்கள் இரண்டு புகார்களும் பெரும்பகுதி ஒரே இடத்திலிருந்து வருகின்றன.

ஏர் டேம் இந்த முடிச்சைக் கீழிருந்து அவிழ்க்கிறது. அடியில் புகும் காற்றைக் குறைக்கிறது. தகட்டுக்குப் பின்னால் அழுத்தம் குறைந்த ஒரு பகுதி உண்டாகிறது. எஞ்சின் அறையில் அடைபட்ட காற்றை அந்தப் பகுதி உறிஞ்சி எடுக்கிறது. மூக்கின் அடிப்பக்கத்தையும் கீழ்நோக்கி இழுக்கிறது. தகட்டுக்கு முன்னால் அழுத்தம் கூடுவதால் ரேடியேட்டர் வாய்க்கு ஓரளவு கூடுதல் காற்று திரும்புவதும் உண்மைதான். ஆனால் அது துணை வேலை.

இதற்கு நல்ல சாட்சி நான்காம் தலைமுறை செவ்ரலே கார்வெட். அதன் மூக்கில் பெயருக்குக்கூடக் கிரில் இல்லை. ரேடியேட்டருக்கான காற்று பம்பருக்குக் கீழிருந்துதான் ஏறுகிறது. 1982இல் வந்த பான்டியாக் ஃபயர்பேர்டும் அதே வகை. இந்தக் கார்களில் அடியில் தொங்கும் கறுப்புப் பிளாஸ்டிக் பட்டை ஏதாவது கல்லிலோ நடைமேடை விளிம்பிலோ இடித்து உடைந்துபோகும். அலங்காரம்தானே என்று உரிமையாளர் விட்டுவிடுவார். பிறகு நகர நெரிசலில் ஒழுங்காக இருக்கும் கார், நெடுஞ்சாலையில் ஏறியதும் சூடாகும். தெர்மோஸ்டாட்டை மாற்றுவார்கள், தண்ணீர்ப் பம்பை மாற்றுவார்கள், ரேடியேட்டரையே மாற்றுவார்கள். ஒரு முழம் நீளப் பிளாஸ்டிக்கைத் திரும்ப மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும்.

இனி உங்கள் காருக்கு வருவோம். 240 இசட்டின் மூக்கு பார்க்க அழகு. காற்றுக்கு அது பெரிய திறந்த வாய். உள்ளே போகும் காற்றில் கணிசமான பங்கு ரேடியேட்டரைத் தொடாமலே அதன் பக்கவாட்டிலும் மேலும் கீழும் நழுவி எஞ்சின் அறையை நிரப்புகிறது. குளிர்விக்காத காற்று, ஆனால் தூக்குகிற காற்று. இந்தக் காரின் முன்பக்கத் தூக்கல் அந்தக் காலத்திலேயே தெரிந்த விஷயம். ஜப்பானில் 1971இல் 240 இசட் ஜி என்ற வகையை நீட்டிய மூக்கோடு வெளியிட்டார்கள். அமெரிக்காவில் பீட் பிராக்கின் பி.ஆர்.ஈ. அணி தன் பந்தயக் கார்களுக்கு முன் ஸ்பாய்லர் மாட்டியது. அந்தக் கார்களில் ஜான் மோர்டன் 1970, 1971 இரண்டு ஆண்டும் அமெரிக்கக் கார் பந்தய அமைப்பான எஸ்.சி.சி.ஏ.வின் சி புரொடக்‌ஷன் பிரிவுப் பட்டத்தை வென்றார். இன்றைக்குக் கடைகளில் இந்தக் காருக்குக் கிடைக்கும் முன் ஸ்பாய்லர்களில் பல அந்த வடிவத்தின் வாரிசுகளே.

ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். முன் அச்சுக்கான தூக்கல் கெழு (காரின் வடிவம் எவ்வளவு தூக்கலை உண்டாக்கும் என்பதைக் காட்டும் எண்) 0.2 என்றும், காரின் முன்பரப்பு 1.7 சதுர மீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், 120 கி.மீ. வேகத்தில் முன் சக்கரங்களிலிருந்து பறிபோகும் எடை சுமார் 23 கிலோ. 160இல் 41 கிலோ, 200இல் 64 கிலோ. வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால்தான் இந்தத் தாவல். உங்கள் காரின் மொத்த எடை ஒரு டன்னுக்குச் சற்று மேல். அதில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாக முன் சக்கரங்களில் நிற்கிறது. ஐந்நூறு சொச்சம் கிலோவில் 23 கிலோ குறைந்ததற்காக ஒரு கார் 120இலேயே மிதக்கக் கூடாது. 160இல் மிதக்கிறது என்று சொல்லியிருந்தால் நேராக ஸ்பாய்லர் பேச்சுக்குப் போயிருப்பேன். 120 என்றதும் என் சந்தேகம் சஸ்பென்ஷன் பக்கம் திரும்புகிறது.

ஐம்பது வயதுக் காரில் ஸ்டீயரிங் ரேக்கைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ்கள் பெரும்பாலும் கூழாகியிருக்கும். சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷனின் கீழ்க் கையை முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் இழுவைக் கம்பியின் புஷ்களும் அப்படித்தான். அவை தளர்ந்தால் வேகத்தில் சக்கரத்தின் கோணம் தானாக மாறிக்கொண்டே இருக்கும். முன் சக்கரங்கள் வெளிப்புறம் விரிந்திருந்தால் கார் நேர்கோட்டில் நிற்காமல் அலையும். கேஸ்டர் கோணம், அதாவது முன் சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு, குறைந்திருந்தால் ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பும் தன்மை போய்விடும். ஓட்டுநருக்கு இவையெல்லாம் மிதப்பாகத்தான் தெரியும். பின்பக்க ஸ்பிரிங்குகள் தொய்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். பின்பக்கம் தாழ்ந்தால் மூக்கு நிமிரும். நிமிர்ந்த மூக்கு அடியில் கூடுதல் காற்றை வாங்கி இன்னும் நிமிரும். சமதளத்தில் நிறுத்தி, கதவுக்குக் கீழுள்ள விளிம்பின் உயரத்தை முன்னும் பின்னும் அளந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். முன்பக்கம் ஓரிரு சென்டிமீட்டர் தாழ்ந்திருப்பது நல்லது.

சூட்டிலும் அதே போல ஒரு பிரித்தறிதல் தேவை. நிற்கும்போதும் ஊர்ந்து செல்லும்போதும் சூடானால் ஃபேன், அதன் கூண்டு, கூலன்ட் அளவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அங்கே ஏர் டேமுக்கு வேலையே இல்லை. உங்களுக்கு வேகத்தில்தான் ஏறுகிறது. அப்படியானால் காற்றோட்டம் ஒரு காரணம், ஒரே காரணமல்ல. உள்ளே பாதி அடைத்துப்போன பழைய ரேடியேட்டர் நகரத்தில் சமாளித்து, நெடுஞ்சாலையில் கைவிடும். ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் மென்மையாகியிருந்தால், எஞ்சின் சுழற்சி கூடும்போது பம்பின் உறிஞ்சலில் அது ஒட்டிக்கொண்டு தண்ணீரையே நிறுத்திவிடும். அதற்குள் ஒரு கம்பிச் சுருள் இருக்க வேண்டும். பல கார்களில் அது துருப்பிடித்துக் கரைந்துபோயிருக்கும். போனட்டைத் திறந்து வைத்து, எஞ்சினை உயர் சுழற்சியில் பிடித்து அந்த ஹோஸைப் பாருங்கள். சப்பையாகிறதா என்பது கண்ணுக்கே தெரியும். தீப்பொறி தாமதமாக விழுந்தாலும், கார்புரேட்டர் பெட்ரோலைக் குறைவாகக் கொடுத்தாலும் சூடு கூடும். கிரில்லுக்கு முன்னால் இரண்டு பெரிய விளக்குகளை மாட்டிவிட்டுக் காற்று போதவில்லை என்று சொல்பவர்களும் உண்டு. உங்கள் காரில் அப்படி எதுவும் இருந்தால் முதலில் கழற்றுங்கள்.

இவை சரியாக இருந்தால் அடுத்தது இடைவெளி அடைப்பு. என்னைக் கேட்டால் ஏர் டேமைவிட இதற்குத்தான் முதலிடம். கிரில்லுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். விரல் நுழையும் இடமெல்லாம் காற்றும் நுழையும். ரேடியேட்டரின் இதழ்களுக்குள் புகுந்து போவதைவிடப் பக்கத்தில் இருக்கும் ஓட்டை வழியாகப் போவது காற்றுக்குச் சுலபம். மெல்லிய அலுமினியத் தகட்டை வெட்டி, இரு பக்கமும் மேலும் கீழும் ஒரு பெட்டிபோல அமைத்து, விளிம்புகளில் ரப்பர் பட்டையோ வெப்பம் தாங்கும் நுரைப் பட்டையோ ஒட்டுங்கள். வாயில் நுழைந்த காற்றுக்கு ரேடியேட்டரைத் தவிர வேறு போக்கிடம் இருக்கக் கூடாது. இப்படி அடைத்துவிட்டால், ரேடியேட்டர் பரப்பில் பாதி அளவுள்ள வாய்கூடப் பெரும்பாலும் போதும். போனட்டுக்குக் கீழே வீணாகப் புகும் காற்று குறைவதால் மூக்குத் தூக்கலும் இந்த ஒரே வேலையில் குறையும்.

அடைத்த பிறகு அளந்து பார்க்க ஒரு மலிவான வழி இருக்கிறது. ஒளி ஊடுருவும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயை ஆங்கில யூ வடிவில் வளைத்து ஒரு பலகையில் ஒட்டி, பாதிவரை சாயம் கலந்த தண்ணீர் நிரப்புங்கள். ஒரு முனையை நீட்டி ரேடியேட்டரின் முன்பக்க நடுவிலும், மறு முனையை அதன் பின்பக்கத்திலும் கட்டுங்கள். முனைகளின் வாயை அடைத்து, பக்கவாட்டில் ஊசித் துளை போட்டால் காற்று நேராக ஊதிக் கணக்கைக் கெடுக்காது. ஃபேன் இழுக்கும் இடத்துக்கு நேராகப் பின்முனை வரக் கூடாது. பலகையைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் ஒருவர் உட்காரட்டும். ஓட்டுபவர் அதைப் பார்க்கவே கூடாது. 100 கி.மீ. வேகத்தில் இரண்டு நீர்மட்டங்களுக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் வேறுபாடு என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லிமீட்டர் என்பது சுமார் 10 பாஸ்கல். முன்பக்கம் முழு அழுத்தமும் பின்பக்கம் வெளிக்காற்றின் அழுத்தமும் இருந்தால் 47 மில்லிமீட்டர் காட்ட வேண்டும். நடைமுறையில் அதில் ஒரு பங்குதான் தெரியும். எண்ணைவிட அது எப்படி மாறுகிறது என்பதே நமக்குப் பயன். காலியான நேர்ச் சாலையில், காற்று வீசாத நேரத்தில், இரு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுங்கள்.

இப்போது தடித்த பிளாஸ்டிக் அட்டையில் ஒரு தற்காலிக ஏர் டேம் வெட்டி, வலுவான பட்டையால் ஒட்டி, அதே சாலையில் அதே வேகத்தில் மீண்டும் ஓட்டுங்கள். நீர்மட்ட வேறுபாடு கூடினால் தகடு வேலை செய்கிறது. இரண்டு சென்டிமீட்டர் ஆழம் கூட்டிப் பாருங்கள். ஓர் இடத்துக்கு மேல் வேறுபாடு கூடுவது நின்றுவிடும். உங்கள் காருக்கு வேண்டிய ஆழம் அதுதான். பொதுவான அளவு ஒன்றைச் சொல்லச் சொன்னால், அடியில் இருக்கும் குறுக்குச் சட்டத்தின் மட்டம் வரை இறங்கினாலே பெரும்பங்குப் பலன் கிடைத்துவிடும் என்பேன். அதற்கும் கீழே இறக்கினால் தகடே காற்றைத் தடுத்து இழுவையைக் கூட்டும். சரிவுப் பாதைகளில் தரையையும் உரசும். கடைசி மூன்று நான்கு சென்டிமீட்டரை வளையக்கூடிய ரப்பரில் வைத்தால் உரசினாலும் உடையாது. தகட்டின் இரு முனைகளும் பின்னோக்கி வளைந்து டயரின் முகத்தை மறைத்தால் இழுவையும் குறையும். டயரைத் தாண்டி வெளியே நீட்ட வேண்டிய அவசியமில்லை.

இதன் அடிவிளிம்பில் முன்னோக்கிப் படுக்கையாக நீட்டும் பலகைதான் ஸ்பிளிட்டர். மேலே கூடிய அழுத்தமும் கீழே குறைந்த அழுத்தமும் அதை அழுத்துவதால் கீழ்நோக்கிய விசை கிடைக்கும். பந்தயப் பாதையில் நல்லது. சாலையில் ஓடும் பழைய காருக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

உறுதி விஷயத்தில் கவனம் தேவை. ஒன்றரை மீட்டர் அகலமும் 15 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள தகட்டின் மேல் 160 கி.மீ. வேகத்தில் விழும் விசை ஏறக்குறைய 27 கிலோ எடைக்குச் சமம்; 200இல் 40 கிலோவைத் தாண்டும். இரண்டு திருகில் தொங்கும் ஃபைபர் தகடு இதைத் தாங்காது. உள்ளே மடிந்து சக்கரத்துக்குள் போனால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. அடிவிளிம்பிலிருந்து சேசிஸுக்கு இரண்டு மூன்று தாங்குகம்பிகள் கட்டாயம்.

அடைத்த மூக்கால் பாதிக்கப்படுவது பிரேக். முன்பு அடியில் புகுந்து பிரேக் தட்டுகளைத் தொட்ட காற்று இனி வராது. உங்கள் காரின் முன் தட்டுகள் காற்றுப் பாதை இல்லாத ஒற்றைத் தட்டுகள். மலைப்பாதையில் தொடர்ந்து மிதித்தால் சீக்கிரம் சூடேறும். அப்படி ஓட்டுபவரானால் ஏர் டேமின் முகத்தில் இரு பக்கமும் ஒவ்வொரு துளை விட்டு, அங்கிருந்து வளையும் குழாய் வழியாகத் தட்டின் மையப் பக்கத்துக்குக் காற்றைக் கொண்டுபோங்கள். நகரத்தில் மட்டும் ஓட்டினால் இது வேண்டாம்.

சிலர் இதோடு போனட்டின் பின்விளிம்பைக் கொஞ்சம் தூக்கி வைத்து வெப்பத்தை வெளியேற்றப் பார்ப்பார்கள். நிற்கும்போது ஆவி வெளியேறுவது கண்ணுக்குத் தெரியும், அதனால் நம்பிவிடுகிறார்கள். ஆனால் கண்ணாடிக்கு முன்னால் உள்ள அந்தப் பள்ளத்தில் வேகத்தின்போது காற்று மோதித் தேங்கி அழுத்தம் கூடுகிறது. தூக்கிய இடைவெளி வழியாகக் காற்று வெளியே போவதற்குப் பதில் உள்ளே வரும். போனட்டில் துவாரம் வெட்டுவதானால் அழுத்தம் குறைவாக உள்ள முன்பகுதியில், ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால் வெட்ட வேண்டும். அந்தப் போனட்டை வெட்டச் சொல்ல எனக்கு மனம் வராது.

பின்பக்கத்தையும் மறந்துவிடாதீர்கள். முன்னால் தூக்கலைக் குறைத்து, பின்னால் அப்படியே விட்டால், வேகமான வளைவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது பின்பக்கம் முன்னைவிட எளிதில் நழுவும். போர்ஷே 911இன் வரலாற்றில் இந்த வரிசையைப் பார்க்கலாம். 1972 மாடல் 911 எஸ் காருக்கு முன் பம்பருக்குக் கீழே சிறிய ஸ்பாய்லர் வந்தது. அடுத்து 1973 மாடல் கரேரா ஆர்.எஸ். 2.7, பின்மூடியில் வாத்துவால் போன்ற நிமிர்ந்த விளிம்போடு வந்தது. பி.எம்.டபிள்யூவின் 3.0 சி.எஸ்.எல். காருக்கு 1973இல் முன்னும் பின்னும் சேர்த்தே கொடுத்தார்கள். அதன் பின் இறக்கைக்கு ஜெர்மனியின் சாலைகளில் அனுமதி இல்லாததால், கழற்றிய நிலையில் டிக்கியில் வைத்து விற்றார்கள் என்பது தனி வேடிக்கை. உங்கள் காருக்கு அவ்வளவு ஆர்ப்பாட்டம் தேவையில்லை. 160 கி.மீ. வேகத்துக்குள் ஓட்டுவதானால் மிதமான ஏர் டேம் மட்டும் போதும். அதற்கு மேல் அடிக்கடி போவதாக இருந்தால் பின்கதவின் விளிம்பில் ஒரு சிறு ஸ்பாய்லரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாட்டிய பிறகு முதல் சில நாட்கள் வேகமான வளைவுகளில் அடக்கி வாசியுங்கள்.

கடைசியாகத் துளை பற்றி. பம்பருக்குக் கீழே உள்ள முன் தகடு போல்ட்டுகளில் நிற்பது; கழற்றக்கூடியது. அசல் தகட்டைக் கழற்றித் துடைத்து, எண்ணெய் பூசி, துணியில் சுற்றி வைத்துவிட்டு, மாற்றுத் தகடு ஒன்றை வாங்கி அதைத் துளையுங்கள். தாங்குகம்பிகளுக்கும் புதிய துளை வேண்டாம். ரேடியேட்டர் சட்டத்திலும் குறுக்குச் சட்டத்திலும் ஏற்கெனவே உள்ள போல்ட்டுகளுக்கு அடியில் ஒரு காது (துளையுள்ள சிறு தகடு) வைத்து இறுக்கினால் நிற்கும். இறுக்கிய மறுவாரம் ஒருமுறை ஸ்பேனரோடு படுத்து எல்லாவற்றையும் மீண்டும் இறுக்கிப் பாருங்கள். ஃபைபர் தகடு போல்ட்டின் அடியில் சற்று நசுங்கி இடம் கொடுத்திருக்கும்.